டுன்ஸே ஒஸ்மோலேட்டர் 3155: கச்சான் வெக்கையில் தொட்டியின் உப்பைக் கட்டுக்குள் வைக்குமா?

ஜேர்மனியின் டுன்ஸே கம்பனி செய்யும் ஒஸ்மோலேட்டர் 3155, கடல்நீர் மீன்தொட்டியில் ஆவியாகிப் போகும் தண்ணீரைத் தானாக நிரப்பும் கருவி. இப்படித் தானாக நிரப்புவதை (auto top-off) ஏடிஓ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். மட்டக்களப்பில் கடல் தொட்டி வைத்திருப்பவர் இதை வாங்கலாமா என்றால், வாங்கலாம். இணையத்தில் கிடைக்கும் மலிவான கிட்களைவிட விலை பல மடங்கு. அந்தக் கூடுதல் காசு எதற்குப் போகிறது என்று தெரிந்து வாங்கினால்தான் பிரயோசனம். தெரியாமல் மாட்டிவிட்டு நிம்மதியாக இருந்தால் இதுவும் தொட்டியைக் கெடுக்கும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். தொட்டியிலிருந்து ஆவியாவது நல்ல தண்ணீர் மட்டும். உப்பு அப்படியே தங்கிவிடும். சம்ப்போடு (தொட்டிக்குக் கீழே வைக்கும் வடிகட்டித் தொட்டி) சேர்த்து 150 லீற்றர் தண்ணீர் உள்ள ஒரு தொட்டி, உப்பு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு) என்று வையுங்கள். மே தொடங்கி ஆகஸ்ட் வரை கச்சான் காற்று அடிக்கும்போது, சம்ப்புக்கு மேலே ஒரு ஃபேனும் ஓடினால், நாளுக்கு 3 லீற்றர் போவது பெரிய விஷயமில்லை. ஒரு நாள் நிரப்பாவிட்டால் 35.7. இரண்டு நாள் விட்டால் 36.5. மூன்று நாளில் 37.2. நாலாம் நாள் காலையில் 9 லீற்றரை ஒரே வாளியில் ஊற்றினால், சில நிமிடங்களுக்குள் உப்பு மறுபடி 35க்கு இறங்கும். மீன்கள் இதைத் தாங்கிக்கொள்ளலாம். இறால், நட்சத்திர மீன், கடல் முள்ளெலி போன்றவற்றால் முடியாது. உப்பு ஏறியதைவிட, திடீரென்று இறங்குவதுதான் அவற்றைக் கொல்லும்.

ஃபேனை நிறுத்தினால் ஆவியாவது குறையுமே என்று சிலர் நினைப்பார்கள். அப்படிச் செய்யாதீர்கள். ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. 150 லீற்றர் தொட்டிக்கு அது 4 பாகை செல்சியஸ் அளவு சூட்டுக்குச் சமம். சில்லர் (தண்ணீரைக் குளிரவைக்கும் இயந்திரம்) வாங்க வசதியில்லாத வீட்டில் அந்த ஃபேன்தான் சில்லர். ஆகவே கச்சான் காலத்தில் நிறையத் தண்ணீர் ஆவியாகத்தான் வேண்டும். அதை அன்றன்றைக்கு, கொஞ்சம் கொஞ்சமாக ஈடுசெய்வதுதான் நம்முடைய வேலை. வாடைக் காலத்தில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் அதே ஃபேனுக்கு அவ்வளவு வேகம் இருக்காது, நிரப்பும் அளவும் பாதிக்கும் கீழே போகும். ஒரு நாளைக்கு இவ்வளவு என்று டைமர் வைத்து நிரப்புவது இந்த ஊருக்கு ஒத்துவராததற்குக் காரணம் இதுதான். மட்டத்தைப் பார்த்து நிரப்பும் கருவிதான் வேண்டும்.

ஒஸ்மோலேட்டரில் ஒரு கன்ட்ரோலர், இரண்டு சென்சர்கள், அடப்டர், கேனுக்குள் போடும் சிறிய பம்ப், குழாய், காந்தத்தில் ஒட்டும் பிடி ஆகியவை வரும். கீழேயுள்ள சென்சர் ஒளியால் வேலை செய்வது. அகச்சிவப்பு ஒளி தண்ணீரில் ஒருவிதமாகவும் காற்றில் வேறுவிதமாகவும் திரும்புவதை வைத்து மட்டத்தை அறியும். அசையும் பாகம் கிடையாது, அதனால் சிக்கிக்கொள்ளவும் எதுவுமில்லை. அதற்கு மேலே இருப்பது ஒரு சிறு மிதவை சுவிட்ச். சாதாரண நாட்களில் அதற்கு வேலையே இல்லை. ஒளிச் சென்சர் ஏமாந்து பம்ப் ஓடிக்கொண்டே இருந்தால், மட்டம் ஏறி இந்த மிதவையைத் தொட்டதும் கரண்டைத் துண்டித்து அலாரம் அடிக்கும். நாம் கொடுக்கும் கூடுதல் காசு இந்த மிதவைக்குத்தான். ஒற்றைச் சென்சர் கிட் எவ்வளவு மலிவாக இருந்தாலும், அந்த ஒரு சென்சர் பழுதானால் கேனிலுள்ள முழுத் தண்ணீரும் தொட்டிக்குள் போய்விடும். சாதாரண நாளில் ஒற்றைச் சென்சரும் இரட்டைச் சென்சரும் ஒரே மாதிரித்தான் ஓடும். வித்தியாசம் தெரிவது அந்த ஒரு கெட்ட நாளில்.

மூன்றாவதாக ஒரு காவலும் உண்டு. பம்ப் தொடர்ந்து 10 நிமிடம் ஓடியும் மட்டம் ஏறாவிட்டால் கன்ட்ரோலர் பம்ப்பை நிறுத்தி அலாரம் கொடுக்கும். கேன் காலியாகி பம்ப் வறட்டில் ஓடி எரியாமல் இருக்க இது உதவும். ஆனால் தொட்டியைக் காப்பாற்ற இதை மட்டும் நம்பக் கூடாது. மாட்டிய அன்றே, குழாய் நுனியை அளவுச் சாடிக்குள் விட்டு ஒரு நிமிடம் பம்ப்பை ஓட்டிப் பாருங்கள். உதாரணத்துக்கு, நிமிடத்துக்கு 2 லீற்றர் வந்தால் 10 நிமிடத்தில் 20 லீற்றர். 150 லீற்றர் தொட்டியில் அவ்வளவும் விழுந்தால் உப்பு 31க்கும் கீழே வந்துவிடும். இன்னொரு விஷயம், இப்படியான கருவிகளில் கரண்ட் போய் வந்தால் நேரக் கணக்கும் புதிதாகத் தொடங்கும் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. அடிக்கடி கரண்ட் வெட்டுப்படும் இடத்தில் இதை மறக்க வேண்டாம்.

ஆகவே கடைசிக் காவல் கேனின் அளவுதான். பெரிய கேன் வைத்தால் பத்து நாளைக்குக் கவலையில்லை என்ற எண்ணம் வரும். அதற்கு முன் இந்தக் கணக்கைப் போடுங்கள்: தொட்டியின் லீற்றரை 35 ஆல் பெருக்கி, தொட்டி லீற்றரோடு கேன் லீற்றரைக் கூட்டி வரும் தொகையால் வகுக்க வேண்டும். 150 லீற்றர் தொட்டிக்கு 10 லீற்றர் கேன் என்றால், எல்லாக் காவலும் தவறி அத்தனையும் உள்ளே போனாலும் 32.8. கஷ்டம்தான், ஆனால் பிழைக்கும். 20 லீற்றர் கேன் என்றால் 30.9, பவளம் வைத்திருப்பவர்களுக்கு அது இழப்பு. கச்சானில் 10 லீற்றர் கேனை மூன்று நாளுக்கு ஒருமுறை நிரப்ப வேண்டிவரும். அந்தச் சிரமத்தைப் படுவது நல்லது. அத்தனை தண்ணீரும் வந்தாலும் தரையில் வழியாமல் சம்ப்பில் இடம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேனுக்கு மூடி கட்டாயம். தூசு விழும் என்பதற்காக மட்டுமல்ல. திறந்து கிடக்கும் சுத்தமான தண்ணீர் டெங்கு நுளம்பு முட்டையிட ஏற்ற இடம். குழாயும் வயரும் போக மட்டும் மூடியில் துளை போட்டு, இடைவெளியைப் பஞ்சால் அடைத்துவிடுங்கள். முழுவதும் காற்றுப் புகாமல் அடைத்தாலும் பம்ப் இழுக்கத் திணறும், பஞ்சு என்றால் இரண்டுக்கும் சரி.

எங்கே மாட்டுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். சம்ப் உள்ள தொட்டியில் மட்டம் இறங்குவது சம்ப்பில் ரிட்டர்ன் பம்ப் (தண்ணீரை மேல் தொட்டிக்கு ஏற்றும் பம்ப்) இருக்கும் தடுப்பறையில் மட்டும். மேல் தொட்டியில் மட்டம் மாறாது. ஆகவே சென்சர் இரண்டும் ரிட்டர்ன் அறையில்தான் இருக்க வேண்டும். ஸ்கிம்மரிலிருந்து (நுரையால் அழுக்கை வெளியேற்றும் கருவி) வரும் நுண்குமிழிகள் ஒளிச் சென்சரின் முகத்தில் ஒட்டினால், தண்ணீருக்குள் இருந்தாலும் அது காற்று என்று நினைத்து பம்ப்பை ஓட்டும். குமிழி வராத மூலையைத் தேடுங்கள், நேரடி வெளிச்சமும் படாத பக்கமாக இருந்தால் நல்லது. அறையின் பரப்பு 20க்கு 25 சென்ரிமீற்றர் என்றால் 1 மில்லிமீற்றர் மட்டம் 50 மில்லிலீற்றர். ஒருமுறை ஓடினால் 50 இலிருந்து 150 மில்லிலீற்றர் வரை போய் நிற்க வேண்டும். அதைவிட நிறையப் போனால் அறை அகலம் கூட, அல்லது சென்சர் அழுக்கு.

குழாயின் நுனி எப்போதும் தண்ணீர் மட்டத்துக்கு மேலே, காற்றில் நிற்க வேண்டும். நுனி தண்ணீருக்குள் மூழ்கினால் இரண்டு பக்கமும் ஆபத்து. கேன் சம்ப்பைவிட உயரத்தில் இருந்தால், பம்ப் நின்ற பிறகும் தண்ணீர் தானாக இறங்கிக்கொண்டே இருக்கும், கன்ட்ரோலரால் ஒன்றும் செய்ய முடியாது. கேன் கீழே இருந்தால் சம்ப்பின் உப்புத் தண்ணீர் கேனுக்குள் பின்னோக்கி வரும். தரையில், சம்ப்பின் மட்டத்துக்குக் கீழே கேனை வைத்து, நுனியைச் சம்ப்பின் விளிம்புக்கு மேலே கிளிப் போட்டு இறுக்குங்கள். கருவி வந்த நாளில் முதலில் சோதிக்க வேண்டியதும் இதுதான்: பம்ப்பை ஓட்டி, நிறுத்தி, ஒரு நிமிடம் நுனியைக் கவனியுங்கள். சொட்டுகூட வரக் கூடாது.

கரண்ட் நின்றால் என்ன நடக்கும்? ரிட்டர்ன் பம்ப் நின்றதும் மேல் தொட்டியின் தண்ணீர் சம்ப்புக்குள் இறங்கும், மட்டம் ஏறும். அடப்டருக்கு யூபிஎஸ் கொடுத்திருந்தாலும் ஏடிஓ ஓடாது, மிதவை அலாரம் மட்டும் அடிக்கலாம். கரண்ட் திரும்பி வரும்போது ரிட்டர்ன் பம்ப் மேலே நிரப்பும் அந்தக் கொஞ்ச நேரம் சம்ப் வற்றும், ஏடிஓ அதைத் தாழ்ந்த மட்டம் என்று எண்ணி ஊற்றத் தொடங்கும். இதனால் அரை லீற்றர், ஒரு லீற்றர் கூடப் போகலாம். பயப்பட ஒன்றுமில்லை. மட்டம் கூடிவிட்டதால் அந்தக் கூடுதல் ஆவியாகும் வரை ஏடிஓ தொடாது.

ஐரோப்பிய இரண்டு முனை பிளக்கோடு வந்தால் தளர்வான மாற்றியைப் போட்டுச் சமாளிக்காதீர்கள். 13 அம்பியர் பிளக்குக்கு ஒழுங்காகப் பொருந்தும் மாற்றி வேண்டும். அடப்டரைச் சம்ப்புக்கு மேலே தொங்கவிடக் கூடாது. வயர் பிளக்குக்குப் போகும் முன் ஒருமுறை கீழே வளைந்து ஏறட்டும், வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். வீட்டின் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதன் சோதனை பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

இனி கேனுக்குள் ஊற்றும் தண்ணீர். கருவியைவிட இது பெரிய விஷயம், ஏனென்றால் ஏடிஓ எதை நிரப்பினாலும் அதில் கரைந்திருப்பது எல்லாம் தொட்டியிலேயே சேரும். தண்ணீர் மட்டும்தான் ஆவியாகிப் போகும், மற்றதற்கு வெளியே போக வழியில்லை. நாளுக்கு 3 லீற்றர் என்றால் 50 நாளில் 150 லீற்றர், அதாவது தொட்டி முழுவதற்கும் ஒரு தடவை. கேன் தண்ணீரில் 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) நைத்திரேற்று இருந்தால், அந்த 50 நாளில் தொட்டியில் 20 பிபிஎம் கூடியிருக்கும்.

கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி என்று கரையோர மணலில் தோண்டிய கிணறுகள் ஆழமில்லாதவை. கழிப்பறைக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் இருப்பது மணல் மட்டும். அந்தத் தண்ணீரில் நைத்திரேற்று இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கடலுக்குப் பக்கத்தில் உவர்ப்பும் சேரும். உன்னிச்சைக் குளத்திலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் குடிக்க நல்லது, ஆனால் அதில் குளோரின் இருக்கும். சிலிக்கேற்று இருந்தால் கண்ணாடியில் பழுப்புப் பாசி படியும். இரண்டையும் நேரே ஊற்ற முடியாது. ஆர்ஓ (மெம்பிரேன் என்ற நுண்சவ்வு வழியாக வடிகட்டுவது), அதற்குப் பின் டிஐ (மிச்ச உப்புகளைப் பிசின் பிடித்துக்கொள்ளும் வடிகட்டி), அதன் பின் டிடிஎஸ் (கரைந்திருப்பவற்றின் அளவு) மீற்றரில் 0. இதற்குக் குறைவாக ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஆர்ஓ இயந்திரம் வாங்கியும் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வருகிறது, டிடிஎஸ்ஸும் குறையவில்லை என்று சொல்பவர்கள் நிறையப் பேர். பழுது பெரும்பாலும் இயந்திரத்தில் இல்லை, அழுத்தத்தில். வீட்டுக்கு மேலேயுள்ள தண்ணீர்த் தாங்கி 6 மீற்றர் உயரம் என்றால் அது கொடுக்கும் அழுத்தம் 8 அல்லது 9 பிஎஸ்ஐ மட்டும். மெம்பிரேனுக்கு 50க்கு மேலே வேண்டும். பூஸ்டர் பம்ப் போட்டால் வேகமும் கூடும், கழிவும் குறையும். ஒரு லீற்றர் நல்ல தண்ணீருக்கு மூன்று, நான்கு லீற்றர் கழிவாகப் போவது வழமை. குழாய்த் தண்ணீரில் ஓட்டினால் அந்தக் கழிவைத் தென்னைக்கோ வாழைக்கோ விடலாம். உவர்க் கிணற்றுத் தண்ணீரில் ஓட்டினால் கழிவின் உப்பு இன்னும் கூடும், மரத்துக்கு விட வேண்டாம்.

மெம்பிரேன் 95 முதல் 98 வீதம் வரைதான் பிடிக்கும். உள்ளே 600 போனால் வெளியே 12 முதல் 30 வரை வரும், மிச்சத்தை டிஐ பிசின் எடுக்க வேண்டும். கிணற்றுத் தண்ணீரில் ஓட்டுபவர்களுக்குப் பிசின் சீக்கிரம் தீர்வது இதனால்தான். கார்பன் வடிகட்டியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். அது தீர்ந்தால் குளோரின் மெம்பிரேனைத் தின்றுவிடும், டிடிஎஸ் மீற்றர் குளோரினைக் காட்டித் தராது. குடிதண்ணீர்க் கடைகளில் விற்கும் ஆர்ஓ தண்ணீரில் ருசிக்காகத் தாது சேர்க்கும் இடங்களும் உண்டு. கேனை வாங்கும் முன் மீற்றரை விட்டுப் பாருங்கள்.

ஏடிஓ கேனில் சுண்ணாம்பு நீர் வைத்து, பவளத்துக்குக் கல்சியமும் காரத்தன்மையும் சேர்த்துக் கொடுப்பது வெளிநாடுகளில் பரவலான பழக்கம். இந்த ஊருக்கு அதைப் பரிந்துரைக்க முடியாது. நிறைசுண்ணாம்பு நீர் (கரையக்கூடிய அளவு சுண்ணாம்பு முழுவதும் கரைந்த நீர்) ஒரு லீற்றர் 150 லீற்றர் தொட்டியின் காரத்தன்மையை 0.75 டிகேஎச் (காரத்தன்மையை அளக்கும் அலகு) கூட்டும். வாடையில் நாளுக்கு ஒரு லீற்றர் ஆவியானால் அளவு சரியாக இருக்கலாம். கச்சானில் 3 லீற்றர் போனால் நாளுக்கு 2.3 டிகேஎச். பவளம் அதே அளவுதான், அதன் தேவையும் அதேதான், ஆனால் மருந்து மூன்று மடங்கு. காற்றின் திசையைப் பார்த்தா பவளத்துக்கு அளவு கொடுப்பது? மேலும் நிறைசுண்ணாம்பு நீரின் பிஎச் 12.4. சென்சர் ஒருமுறை தவறினால் உப்பு இறங்குவதோடு பிஎச்சும் எகிறும். பம்ப்பின் சுழலியிலும் வெள்ளைப் படிவு கட்டும். கட்டாயம் வேண்டுமானால் லீற்றருக்கு அரை கிராம் உணவுத் தரச் சுண்ணாம்போடு (கல்சியம் ஐதரொட்சைட்டு) நிறுத்தி, வாரம் இரண்டு முறை காரத்தன்மையை அளந்து, கச்சான் தொடங்கியதும் அதையும் குறையுங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பை எந்தக் காரணத்துக்கும் போடாதீர்கள், அதில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாது.

ஏடிஓ ஓடும் தொட்டியிலும் உப்பை வாரம் ஒருமுறை அளந்தே ஆக வேண்டும். ஒஸ்மோலேட்டருக்குத் தெரிவது மட்டம் மட்டும், உப்பு அல்ல. ஸ்கிம்மர் கோப்பை தண்ணியாக நிறைந்தால் வெளியே போவது உப்புத் தண்ணீர், அந்த இடத்தை ஏடிஓ நல்ல தண்ணீரால் நிரப்பும். சம்ப் மூட்டில் ஒரு சின்னக் கசிவு இருந்தாலும் இதே கதை. மட்டம் எப்போதும் சரியாக நிற்பதால் கசிவே கண்ணில் படாது, உப்பு மட்டும் வாரா வாரம் இறங்கும். கேன் வழக்கத்தைவிடச் சீக்கிரம் காலியானால் வெக்கை என்று விட்டுவிடாமல் தரையைத் தடவிப் பாருங்கள்.

ரிஃப்ராக்டோமீட்டரை (ஒளி முறிவை வைத்து உப்பை அளக்கும் கருவி) வெறும் ஆர்ஓ தண்ணீரில் சுழியம் வைத்தால் போதாது, மலிவானவை 35 அருகில் பிசகும். 36.5 கிராம் சுத்தமான உப்பை 963.5 கிராம் ஆர்ஓ தண்ணீரில் கரைத்தால் அது 35 பிபிடி கடல்நீர் போலவே காட்டும். வீட்டுத் தராசு போதாவிட்டால் நகைத் தராசில் 3.65 கிராமும் 96.35 கிராமும் நிறுக்கலாம். அந்தத் திரவத்தை இறுக்கி மூடி வைத்து, மாதம் ஒருமுறை அதில் சரிபாருங்கள்.

கடல்தண்ணீர் அள்ளி வந்து மாற்றுபவர்களுக்கு ஒரு வார்த்தை. வாடைமழையில் முகத்துவாரம் திறந்து வாவித் தண்ணீர் கலங்கிக் கடலுக்குள் இறங்கும் காலத்தில் கரைத் தண்ணீரின் உப்பும் இறங்கும், அழுக்கும் சேரும். அப்போது அள்ளவே வேண்டாம், மீன்தொட்டிக்கென்று விற்கும் கடலுப்பைக் கலக்குங்கள். பாசிக்குடாவிலோ கல்குடாவிலோ பவளக் கல்லைப் பெயர்த்து எடுத்து வருவது சட்டப்படி குற்றம், அந்தப் பவளப் பாருக்கும் கேடு.

பராமரிப்பு பெரிதாக இல்லை. இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஒளிச் சென்சரின் முகத்தை மென்மையான பல்தூரிகையால் துடையுங்கள். வெள்ளையாகப் படிவு இருந்தால் சாதாரண வினாகிரியில் அரை மணி ஊறவைத்துக் கழுவுங்கள், சுரண்டக் கூடாது. மிதவையை விரலால் தூக்கி அலாரம் அடிக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். நத்தை ஏறி உட்காருவதும், உப்புப் பொரிந்து மிதவை இறுகுவதும் நடக்கக் கூடியவை. பல மாதம் வேலையில்லாமல் கிடந்த காவல், தேவைப்படும் அன்றைக்கு அசையாமல் நின்றால் காசு கொடுத்ததில் அர்த்தமில்லை.

குறை சொல்வதானால், முதலாவது விலை. இரண்டாவது, கேன் காலியானதைத் தனியாகச் சொல்லாது, 10 நிமிட அலாரத்தை வைத்து நாம்தான் ஊகிக்க வேண்டும். மூன்றாவது, உதிரிப்பாகம் பக்கத்துக் கடையில் கிடைக்கும் பொருள் இல்லை, கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வர வேண்டும். பம்ப்தான் முதலில் தேயும் பாகம், வாங்கும்போதே ஒரு மேலதிக பம்ப்பையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

30, 40 லீற்றர் சிறு தொட்டிக்கு இது தேவையில்லை. கண்ணாடியில் பேனாவால் ஒரு கோடு போட்டு, காலையும் மாலையும் கோடு வரை நிரப்பினால் போதும். கரண்ட் வேண்டாத மிதவை வால்வு மலிவுதான், ஆனால் ஒரு மணற்துகள் சிக்கினாலும் திறந்தே கிடக்கும், தடுக்க இரண்டாவது காவல் இல்லை. 100 லீற்றருக்கு மேலே, பவளமோ இறாலோ வைத்திருந்து, இரண்டு மூன்று நாள் வீட்டை விட்டு வெளியூர் போக வேண்டியவர்களுக்குத்தான் 3155. அப்படிப் போகும்போது பக்கத்து வீட்டாரிடம் கேனை நிரப்பச் சொல்லாதீர்கள். கேனில் இருப்பது தீர்ந்தாலும் உப்பு ஒரு பிபிடிதான் ஏறும், குழாய்த் தண்ணீர் ஊற்றப்பட்டால் அதைச் சரிசெய்ய வாரங்கள் ஆகும்.